ஃபைலைத் திறந்ததற்காகப் பையனைத் திட்டாதீர்கள்

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தம்புச் செட்டித் தெருவில் கிளியரிங் ஆபீஸ் (சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்த்துக் கொடுக்கும் இடம்), நாலு கம்ப்யூட்டர், நாலிலும் ஆபீஸ் 2010. டாக்குமென்டேஷன் பார்க்கும் பையன், பேக்கிங் லிஸ்ட் என்ற பெயரில் வந்த ஒரு வேர்டு ஃபைலைத் திறந்து, பிரிண்ட் எடுத்து, மூடியிருக்கிறான். மூன்று நாள் கழித்து உங்கள் மெயில் ஐடியிலிருந்தே உங்கள் பார்ட்டிக்கு, எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி இந்த நம்பருக்குப் பணம் போடுங்கள் என்று மெயில் போயிருக்கிறது. பார்ட்டிக்குச் சந்தேகம் வந்து போன் அடித்ததால் பணம் தப்பியது. பையன் மேக்ரோ எதையும் எனேபிள் பண்ணவில்லை என்று சத்தியம் செய்கிறான், ஆண்ட்டிவைரஸும் கத்தவில்லை, அப்படியிருக்க வெறுமனே ஃபைலைத் திறந்தாலே இப்படி நடக்குமா, இல்லை பையன் பொய் சொல்கிறானா என்பதுதான் கேள்வி.

நடக்கும். பையன் உண்மையைத்தான் சொல்கிறான் என்று நினைக்கிறேன். நான் தண்டையார்பேட்டைக்காரன், பதினெட்டு வருடமாக பாரிமுனை, மண்ணடி, ராயபுரம் பக்கத்து ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். இந்த மாதிரி ஒன்று நடந்தால் எல்லா ஆபீசிலும் முதல் வேலை, யார் திறந்தது என்று ஆளைத் தேடுவது. அந்த ஆளைத் திட்டி முடித்ததும் விஷயம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். மெஷின் அப்படியே இருக்கும், ஓட்டையும் அப்படியே இருக்கும், நாலு மாதத்தில் திரும்ப வரும். அதனால்தான் இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஃபைலைத் திறப்பது என்றால் என்ன? சினிமா சிடி போட்டுப் பார்ப்பது மாதிரி இல்லை அது. வேர்டு அந்த ஃபைலை முதல் எழுத்திலிருந்து படித்து, இது ஃபான்ட் பெயர், இது டேபிள், இது படம், இது உள்ளே ஒட்டியிருக்கும் இன்னொரு பொருள் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் மெமரியில் அதற்குரிய இடத்தில் வைக்கிறது. உங்கள் ஆபீஸ் ரெஜிஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டி பெயருக்கு ஒரு கட்டம், அதற்கு அடுத்த கட்டத்தில் இந்தப் பேப்பர் முடிந்ததும் எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு. பெயர் எழுதுகிறவர் எத்தனை எழுத்து என்று பார்க்காமல் வந்ததையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்டே போகிற ஆள் என்றால், கட்டத்தை மீறிய பெயர் அடுத்த கட்டத்துக்குள் போய் அந்தக் குறிப்பின் மேலேயே எழுதிவிடும். ஒருவன் வேண்டுமென்றே நீளமான பெயரைக் கொடுத்து, அதன் கடைசிப் பகுதியில் தன் மேஜையின் நம்பரை வைத்திருந்தால் பேப்பர் அவன் மேஜைக்குத்தான் போகும். புரோகிராமில் நடப்பதும் இதேதான். ஒரு வேலை முடிந்ததும் அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி மெமரியில் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் மேல் எழுதிவிட்டால் கம்ப்யூட்டர் அவன் சொன்ன இடத்துக்குப் போய் அவன் சொன்ன வேலையைச் செய்யும். இதில் யாரும் எந்த மேக்ரோவையும் எனேபிள் பண்ண வேண்டியதில்லை. படிப்பதே போதும்.

மேக்ரோ கதை வேறு. மேக்ரோ என்பது ஃபைலுக்குள் வைத்து அனுப்பும் சின்ன புரோகிராம், ஆபீஸ் அதை ஓட்டுவதற்கென்றே வழி வைத்திருக்கிறது. 1999இல் மெலிஸா என்ற வைரஸ் வேர்டு மேக்ரோவாகத்தான் உலகம் முழுக்க மெயிலில் பரவியது. அதற்கு அப்புறம் அனுமதி கேட்கும் பட்டை வந்தது, 2022இல் இணையத்திலிருந்து வந்த ஃபைலில் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கத் தொடங்கியது. நம் ஆட்களுக்குத் தெரிந்ததெல்லாம் இந்த மேக்ரோ எச்சரிக்கை ஒன்றுதான். அதை அழுத்தவில்லை என்றால் ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். ஆனால் நான் மேலே சொன்ன வகைக்கும் மேக்ரோவுக்கும் சம்பந்தமே கிடையாது.

இதற்குச் சரியான உதாரணம் ஈக்வேஷன் எடிட்டர். உங்கள் ஆபீசில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம், ஃபைலைப் பார்த்தால் உறுதியாகச் சொல்லிவிடுவேன். ஆபீஸ் கூடவே வந்த குட்டிப் புரோகிராம் அது, கணக்குச் சமன்பாடுகளை டாக்குமென்டுக்குள் போடுவதற்கு. ஆபீஸ் 2007இலேயே சமன்பாட்டுக்கு வேறு புது வசதி வந்துவிட்டது, இருந்தாலும் பழைய டாக்குமென்ட் திறக்க வேண்டுமே என்று பழையதையும் கூடவே வைத்துக்கொண்டு வந்தார்கள். 2017இல் எம்பெடி என்ற பாதுகாப்புக் குழு இதைத் தோண்டிப் பார்த்தபோது, அந்தப் புரோகிராம் 2000 நவம்பரில் கம்பைல் செய்யப்பட்டது (எழுதிய கோடை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றுவதுதான் கம்பைல்), அன்றிலிருந்து அப்படியே இருக்கிறது என்று தெரிந்தது. பதினேழு வருடம். அதில் ஃபான்ட் பெயரை எடுத்து வைக்கும் இடத்தில் நீளம் பார்க்கும் சோதனை இல்லை. நான் சொன்ன ரெஜிஸ்டர் கதை அப்படியே அதுதான்.

இன்னொரு விஷயம். இந்த எடிட்டர் வேர்டுக்குள் ஓடுவதில்லை, விண்டோஸ் அதைத் தனி புரோகிராமாக எழுப்பி ஓட்டுகிறது. அதனால் வேர்டுக்குப் பல வருடமாகச் சேர்த்த கவசங்கள் எதுவும் இதற்கு இல்லை. மெமரி முகவரிகளை ஒவ்வொரு தடவையும் கலைத்துப்போடும் பாதுகாப்பு இருந்திருந்தால் திருடனுக்குத் தன் மேஜை நம்பர் என்னவென்றே தெரிந்திருக்காது. இதிலோ எல்லா மெஷினிலும் ஒரே நம்பர். 2017 நவம்பர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், விட்டது, இந்த ஓட்டைக்கு சிவிஇ-2017-11882 என்று எண் (கண்டுபிடித்த ஓட்டைகளுக்குப் பொதுவாகக் கொடுக்கும் வரிசை எண்தான் சிவிஇ). அந்தப் பேட்சைப் பிரித்துப் பார்த்த சீரோபேட்ச் குழுவினர், மூலக் கோடிலிருந்து திரும்பக் கம்பைல் செய்யாமல் பழைய புரோகிராம் ஃபைலையே நேரடியாகக் கையால் திருத்தியிருப்பது போலத் தெரிகிறது என்று எழுதினார்கள். கம்பைல் ஆகி முடிந்த ஃபைலுக்குள் போய், இருக்கிற இடத்துக்குள்ளேயே அடக்கி நீளச் சோதனையைச் செருகுவது சாதாரண வேலை இல்லை, அதைச் செய்தவருக்கு என் மரியாதை. ஆனால் அதே எடிட்டரில் உடனே இன்னொரு ஓட்டையும் கிளம்பியது, 2018 ஜனவரி அப்டேட்டில் அந்த எடிட்டரையே மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள்.

அப்டேட் போட்ட மெஷினில் அன்றோடு கதை முடிந்தது. அப்டேட்டை நிறுத்திவைத்த மெஷினில் இன்றைக்கும் அது உட்கார்ந்திருக்கிறது.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மண்ணடிப் பக்கம் ஒரு ஃபார்வர்டிங் ஆபீஸ், பெயர் வேண்டாம். அங்கே காலடிப்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண், பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) டிராஃப்ட் சரிபார்ப்பது அவர் வேலை. ஒரு நாள் டிராஃப்ட் என்று வந்த ஃபைலைத் திறந்திருக்கிறார். வேர்டு திறந்தது, ஒரு பக்கம் முழுக்கக் கன்னாபின்னா எழுத்து, சரி ஃபைல் கெட்டுப்போய் வந்திருக்கிறது என்று மூடிவிட்டு, திரும்ப அனுப்புங்கள் என்று பதிலும் போட்டிருக்கிறார். ஒரு வாரத்தில் ஆபீஸ் மெயில்கள் எல்லாம் வெளியே போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. முதலாளி எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணைப் பிடித்துக் கத்தினார், நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கண் சிவந்து சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

விண்டோஸில் பிரீஃபெட்ச் என்று ஒரு ஃபோல்டர் உண்டு, எந்தப் புரோகிராம் ஓடினாலும் அதன் பெயரில் அங்கே ஒரு சின்ன ஃபைல் உருவாகும், எப்போது ஓடியது என்ற நேரத்தோடு. அதைத் திறந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். காலை 11:42க்கு வேர்டு. அதே நிமிடத்தில் ஈக்வேஷன் எடிட்டர். அதற்கு அடுத்தாற்போல் பெயரே புரியாத ஒரு எக்ஸ்இ (புரோகிராம் ஃபைல்), டெம்ப் ஃபோல்டரிலிருந்து. கண்டெய்னர் நம்பரும் எச்எஸ் கோடும் (கஸ்டம்ஸுக்கான சரக்கு வகை எண்) அடிக்கிற ஆபீஸ் அது, அங்கே யாரும் சமன்பாடு போடுவதில்லை. அந்த மெஷின் வாங்கிய நாளிலிருந்து ஈக்வேஷன் எடிட்டர் ஓடியது அந்த ஒரே தடவைதான். முதலாளியைக் கூப்பிட்டு ஸ்கிரீனில் விரலை வைத்துக் காட்டினேன், இந்தப் பெண் ஃபைலைத் திறந்தது மட்டும்தான் செய்திருக்கிறார், மற்றதெல்லாம் அப்டேட் போடாத ஆபீஸ் தானே செய்தது, அப்டேட்டை நிறுத்திவைத்தது மெஷினை அசெம்பிள் செய்து கிராக் போட்டு, அதாவது லைசென்ஸ் இல்லாத திருட்டு ஆபீசைப் போட்டுக் கொடுத்த ஆள் என்று. அவர் சரி சரி என்றார். அந்தப் பெண் அடுத்த மாதமே வேலையை விட்டு நின்றுவிட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அவருடைய வேலையே ஃபைலைத் திறப்பதுதான். தெரியாத ஆளிடமிருந்து வரும் அட்டாச்மென்டைத் திறக்காதே என்று பேங்க்காரன் எஸ்எம்எஸ் அனுப்புகிறான், கிளியரிங் ஆபீசில் தினமும் வருகிற அறுபது மெயிலில் பாதி தெரியாத ஆளிடமிருந்துதான் வரும். திறக்காமல் எப்படி வேலை செய்வது?

ஈக்வேஷன் எடிட்டர் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். அதற்கு முன்னால் 2012 ஏப்ரலில் பேட்ச் செய்த ஒன்று உண்டு, சிவிஇ-2012-0158, விண்டோஸின் பொதுவான கண்ட்ரோல் லைப்ரரி ஒன்றில் இருந்த ஓட்டை. ஆர்டிஎஃப் என்ற, வேர்டு திறக்கும் பழைய டாக்குமென்ட் வகை ஃபைலில் வைத்து அனுப்பினால் வேர்டு திறந்ததும் விழும். பேட்ச் வந்து பல வருடம் கழித்தும் அதை வைத்தே ஆட்களைப் பிடித்தார்கள். 2017 ஏப்ரலில் வந்தது சிவிஇ-2017-0199, அது வேறு ஜாதி. அதில் மெமரியை மீறி எழுதும் வேலையே இல்லை, டாக்குமென்டுக்குள் ஒரு லிங்க் பொருள் இருக்கும், வேர்டு அந்த முகவரிக்குப் போய் எச்டிஏ என்ற ஸ்கிரிப்ட் ஃபைலைத் தானே இறக்கித் தானே ஓட்டிவிடும்.

2022 மே கடைசியில் வெளியே வந்த ஃபாலினாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேர்டு ஃபைல் ஒரு டெம்ப்ளேட்டை வெளியே உள்ள சர்வரிலிருந்து இழுக்கும், அது விண்டோஸின் பழுது பார்க்கும் கருவியைக் கூப்பிடும், அந்தக் கருவி பவர்ஷெல் (விண்டோஸுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) கட்டளையை ஓட்டும். கண்டுபிடிக்கப்பட்ட ஃபைலில் 0438 என்ற எண் இருந்தது, அது இத்தாலியில் ஃபாலினா என்ற ஊரின் போன் கோடு, அதனால் கெவின் போமான்ட் என்ற ஆய்வாளர் இந்தப் பெயரை வைத்தார். இதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது என்னவென்றால், அதே ஃபைலை ஆர்டிஎஃப்பாக மாற்றி வைத்தால் வேர்டில் திறக்கவே வேண்டாம், ஃபோல்டரில் பிரிவியூ பக்கம் திறந்திருந்து ஃபைல் மேல் ஒரு கிளிக் செய்தாலே போதும். ஜூன் 14 அன்று விண்டோஸ் அப்டேட்டில் சரி செய்தார்கள். கவனியுங்கள், அது வந்தது விண்டோஸ் அப்டேட்டில், ஆபீஸ் அப்டேட்டில் இல்லை. ஓட்டை சில சமயம் ஆபீசில் இருக்கும், சில சமயம் ஆபீஸ் கூப்பிடும் விண்டோஸ் பாகத்தில் இருக்கும். ஒன்றை மட்டும் அப்டேட் செய்து பிரயோஜனமில்லை.

அப்புறம் அந்த மஞ்சள் பட்டை. பையன் எனேபிள் பண்ணவில்லை என்று சொல்வதை நம்புகிறேன், ஆனால் அவனிடம் வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள்: பிரிண்ட் எப்படி எடுத்தாய்? இங்கேதான் விஷயம். ஆபீஸ் 2010இலிருந்து புரொடெக்டெட் வியூ என்று ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஃபைலை ஆபீஸ் முதலில் ஒரு கூண்டுக்குள் வைத்துத்தான் காட்டும், அந்த நிலையில் உள்ளே ஒட்டியிருக்கும் பொருள்கள் எழும்பாது, ஈக்வேஷன் எடிட்டரும் வராது. மேலே மஞ்சள் பட்டையில் எனேபிள் எடிட்டிங் என்று இருக்கும். எனேபிள் கன்டென்ட் என்பது மேக்ரோவுக்கு, எனேபிள் எடிட்டிங் என்பது கூண்டைத் திறப்பதற்கு. இரண்டும் வேறு வேறு. கூண்டுக்குள் இருக்கும்போது பிரிண்ட் எடுக்க முடியாது, பிரிண்ட் கொடுக்கப் போனால் அங்கேயும் எனேபிள் பிரிண்டிங் என்று கேட்கும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பிரிண்ட் எடுக்கிறவன் அதை அழுத்தினதைக்கூட ஞாபகம் வைத்திருக்க மாட்டான். அது எச்சரிக்கையாக அவன் கண்ணுக்குத் தெரியாது, பிரிண்ட் பட்டனுக்கு முன்னால் வரும் இன்னொரு பட்டன், அவ்வளவுதான். அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், பேப்பர் இல்லாமல் கஸ்டம் ஹவுஸில் வேலை நடக்காத காலத்திலிருந்து வந்த பழக்கம் நமக்கு.

இல்லையென்றால் மஞ்சள் பட்டையே வராமல் இருந்திருக்கலாம். இந்த ஃபைல் வெளியிலிருந்து வந்தது என்பது ஆபீசுக்கு எப்படித் தெரியும்? பிரவுசரோ அவுட்லுக்கோ ஃபைலைச் சேமிக்கும்போது, கூடவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டு ஒட்டிவைக்கும், இது இணையத்திலிருந்து வந்தது என்று. அந்தச் சீட்டு என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) டிஸ்கில்தான் நிற்கும். பெரும்பாலான பென்டிரைவில் இருப்பது எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறை, அதில் காப்பி செய்த கணமே சீட்டு உதிர்ந்துவிடும். உங்கள் ஆபீசில் மெயில் பார்க்கும் மெஷின் ஒன்று, பிரிண்டர் இருக்கும் மெஷின் இன்னொன்று, நடுவில் பென்டிரைவ்தான் ஓடும் என்று எனக்குத் தெரியும், இந்தத் தெருவில் பாதி ஆபீஸ் அப்படித்தான். ஜிப் ஃபைலிலும் இதே கதை. 7-ஜிப்பில் 2022இல்தான் சீட்டைக் கூடவே எடுத்துவரும் வசதி வந்தது, அதுவும் நாமாகப் போய் ஆன் செய்தால்தான் வேலை செய்யும்.

ஆண்ட்டிவைரஸ் ஏன் கத்தவில்லை என்று கேட்டீர்கள். இரண்டு தந்திரம் மட்டும் சொல்கிறேன். டாக் என்று கடைசியில் இருப்பதால் அது வேர்டு ஃபைல் என்று அர்த்தமில்லை. ஃபைலை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள் (திருட்டு ஃபைலை நோட்பேடில் பார்ப்பதில் ஆபத்தில்லை). உண்மையான டாக்எக்ஸ் என்றால் பிகே என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும், ஏனென்றால் அது உள்ளுக்குள் ஒரு ஜிப். ஆர்டிஎஃப் என்றால் ஒரு நெளிவு அடைப்புக்குறி, ஒரு சாய்கோடு, அப்புறம் ஆர்டிஎஃப் என்ற எழுத்துகளோ அதன் முதல் எழுத்துகளோ இருக்கும். பெயரில் டாக், உள்ளே ஆர்டிஎஃப் என்று வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். ஆர்டிஎஃப் வெறும் எழுத்தாலான ஃபார்மேட், அதற்குள் இருக்கும் பொருளை எண்களாக எழுதி, நடுநடுவே இடைவெளியும் குப்பையும் போட்டுக் கலைத்துவிடுவார்கள். வேர்டு ரொம்பத் தாராளமான ஆள், குப்பையைத் தள்ளிவிட்டுச் சரியாகப் படித்துக்கொள்ளும், ஆண்ட்டிவைரஸ் அந்த அளவுக்குத் தாராளம் இல்லாததால் குழம்பிவிடும்.

இன்னொன்று எக்செல்லில். எக்செல் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் என்கிரிப்ட் ஆகிவிடும், ஸ்கேனருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பாஸ்வேர்டு கேட்டால் ஆள் உஷாராகிவிடுவானே? அதற்கும் வழி இருக்கிறது. பூட்டிய ஃபைல் வந்தால் எக்செல் முதலில் தனக்குள்ளேயே எழுதிவைத்திருக்கும் ஒரு பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கும், அது 'வெல்வெட்ஸ்வெட்ஷாப்'. திருடன் அந்தப் பாஸ்வேர்டாலேயே பூட்டி அனுப்பினால் நம்மை எதுவும் கேட்காமல் ஃபைல் திறந்துவிடும், வழியில் இருந்த ஸ்கேனருக்கு மட்டும் பூட்டிய பெட்டி. ஈக்வேஷன் எடிட்டர் ஓட்டையை இப்படிப் பூட்டி அனுப்பிய ஃபைல்கள் நிறைய வந்திருக்கின்றன. அப்படி வந்து இறங்குவது பெரும்பாலும் ஏஜென்ட் டெஸ்லா மாதிரித் திருட்டு மென்பொருள், பிரவுசரிலும் அவுட்லுக்கிலும் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளி, அடிக்கிற கீயையும் பதிந்து, வெளியே அனுப்பிவிடும். உங்கள் மெயிலுக்குள் ஆள் வந்தது இப்படித்தான் இருக்கும்.

நம்மை மாதிரிச் சின்ன ஆபீசை யார் தேடி வரப்போகிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கப்பல், துறைமுகம், சரக்கு வேலைதான் இவர்களுக்கு விருப்பமான தூண்டில். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், அரைவல் நோட்டீஸ், டெலிவரி ஆர்டர் என்று பெயர் வைத்தால் எங்கள் ஏரியாவில் திறக்காத ஆளே இல்லை. 2024 ஜூலையில் பிளாக்பெர்ரி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சைடுவைண்டர் என்ற உளவுக் கும்பலைப் பற்றி எழுதினார்கள். இந்தியப் பெருங்கடல், மத்தியதரைக் கடல் பக்கத்துத் துறைமுகங்களைக் குறிவைத்தது அது. அவர்கள் உபயோகித்தது எது தெரியுமா? 2017இன் அந்த இரண்டு ஓட்டைகளேதான், 0199உம் 11882உம். ஏழு வருடத்துக்கு முன்னால் பேட்ச் வந்த ஓட்டையை வைத்து 2024இல் துறைமுகத்துக்குள் நுழையப் பார்க்கிறான் என்றால், அப்டேட் போடாத ஆபீஸ் எவ்வளவு இருக்கும் என்று அவன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான்.

மைக்ரோசாஃப்ட் ஆபீசுக்குப் பதில் லிப்ரே ஆபீசுக்கு மாறினால் போதுமா என்றும் சிலர் கேட்பார்கள். கிராக் போட்ட ஆபீஸ் 2010ஐவிட அப்டேட் ஆன லிப்ரே ஆபீஸ் எவ்வளவோ மேல், காசும் இல்லை, நான் நிறைய இடத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதிலும் ஓட்டை வரும். 2019இல் லிப்ரேலோகோ என்ற பாகத்தின் வழியாக, டாக்குமென்டில் ஒரு இடத்தின் மேல் மவுஸ் போனாலே பைத்தான் கோடு ஓடும்படி செய்ய முடிந்தது. டபிள்யூபிஎஸ் ஆபீஸ் என்ற இன்னொரு மாற்றிலும் 2024இல் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரே கிளிக்கில் விழும் ஓட்டை ஒன்று உளவு வேலைக்கே பயன்பட்டது. எதைப் போட்டாலும் அப்டேட்டோடு போடுங்கள்.

சரி, இப்போது உங்கள் ஆபீசில் செய்ய வேண்டியது. அந்த மெஷினின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபை இருந்தால் அணையுங்கள், மெஷினை அணைக்க வேண்டாம். பாஸ்வேர்டுகளை வேறு சுத்தமான மெஷினிலோ போனிலோ இருந்து மாற்றுங்கள், அதே மெஷினில் உட்கார்ந்து மாற்றினால் புதுப் பாஸ்வேர்டும் அவனுக்கே போகும். மெயில், ஐஸ்கேட் (கஸ்டம்ஸ் இணையதளம்), பேங்க், ஜிஎஸ்டி என்று அந்த மெஷினில் எதையெல்லாம் அடித்தீர்களோ அத்தனையும். மெயிலில் எல்லா டிவைஸிலிருந்தும் சைன் அவுட் கொடுத்துவிட்டு, இரண்டாவது சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். அப்புறம் இதை மறக்காதீர்கள்: மெயில் செட்டிங்கில் ஃபார்வர்டிங்கையும் ஃபில்டர் விதிகளையும் திறந்து ஒவ்வொன்றாகப் படியுங்கள். உள்ளே வந்தவன் பெரும்பாலும், பேமென்ட் என்ற சொல் இருக்கும் மெயிலைத் தனக்கு ஒரு காப்பி அனுப்பிவிட்டு உங்கள் கண்ணில் படாமல் வேறு ஃபோல்டருக்குத் தள்ளு என்று விதி எழுதி வைத்திருப்பான். பாஸ்வேர்டு மாற்றினாலும் அந்த விதி அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அந்த மெஷினில் குத்தியே இருந்தால் உடனே பிடுங்குங்கள்.

பார்ட்டிகள் எல்லோருக்கும் போன் செய்து எங்கள் அக்கவுண்ட் நம்பர் மாறவில்லை என்று சொல்லுங்கள், மெயிலில் சொல்லாதீர்கள். யாராவது ஏற்கெனவே பணம் போட்டிருந்தால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிக்கச் சொல்லுங்கள், அந்தப் பணத்தைப் பாதி வழியில் நிறுத்த முடிந்தால் முதல் சில மணி நேரத்தில்தான் முடியும். செர்ட்-இன் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி இந்த மாதிரிச் சம்பவத்தைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், 2022இலிருந்து அப்படி. நேரம் போய்விட்டதே என்று விடாதீர்கள், இப்போதாவது எழுதிப் போடுங்கள்.

அந்த மெஷினைப் பிறகு முழுசாகத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும், வைரஸை எடுத்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மற்ற மூன்று மெஷினும் அப்படியே விடக்கூடியவை அல்ல. ஆபீஸ் 2010க்கு 2020 அக்டோபர் 13ஓடு அப்டேட் நின்றுவிட்டது. 2016க்கும் 2019க்கும்கூட 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது, சாதாரண விண்டோஸ் 10க்கும் அதே நாள்தான். காசு செலவழித்து 2016 போடுங்கள் என்று யாராவது சொன்னால் வேண்டாம். புது ஆபீஸ் வாங்குங்கள், இல்லை லிப்ரே ஆபீஸ் போடுங்கள், நாலு மெஷினுக்கும் ஒரே நாளில். டைப் அடிக்கும் பையன் அட்மின் அக்கவுண்டில் உட்கார வேண்டியதில்லை, சாதாரண யூசர் போதும்.

வேர்டு ஆப்ஷன்ஸில் டிரஸ்ட் சென்டருக்குள் ஃபைல் பிளாக் செட்டிங்ஸ் என்று இருக்கும், அதில் ஆர்டிஎஃப் திறப்பதை நிறுத்திவையுங்கள், உங்கள் தொழிலில் யாரும் உண்மையாக ஆர்டிஎஃப் அனுப்புவதில்லை. ஃபோல்டரில் பிரிவியூ பக்கம் திறந்திருந்தால் ஆல்ட்டும் பி-யும் சேர்த்து அழுத்தி மூடுங்கள். பையனுக்கு ஒன்றே ஒன்று பழக்குங்கள்: தெரியாத ஆளிடமிருந்து வந்ததைப் பிரிண்ட் எடுக்க வேண்டுமானால் இறக்காமல் ஜிமெயிலுக்குள்ளேயே அட்டாச்மென்டைத் திறந்து அங்கிருந்தே பிரிண்ட் கொடுக்கட்டும். அந்த ஃபைலைப் பிரிப்பது கூகுளின் சர்வர், உங்கள் வேர்டு அதைத் தொடவே தொடாது. பேக்கிங் லிஸ்ட் பார்க்க அது தாராளம்.

அந்த மெயிலையும் ஃபைலையும் யாரும் அழித்துவிட வேண்டாம், திரும்பத் திறக்கவும் வேண்டாம். வைரஸ்டோட்டலில் (ஃபைலைப் பல ஆண்ட்டிவைரஸில் சோதிக்கும் இணையதளம்) ஏற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் செய்யாதீர்கள், அங்கே ஏற்றும் ஃபைலை வேறு ஆட்களும் இறக்கிப் பார்க்க முடியும், அதில் உங்கள் பார்ட்டி பெயர் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். பிரீஃபெட்ச் ஃபோல்டரைப் பார்க்கும்போது பையனும் பக்கத்தில் இருக்கட்டும், என்ன ஓடியது, எந்த நிமிடத்தில் ஓடியது என்பதை அவனும் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.